பகைவர்கள் பகிர்ந்த மருந்து

உலக சுகாதார நிறுவனத்தின் பேரவை வழக்கமாகக் கூடும் இடம் ஜெனீவா. 1958இல் அது அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் கூடியது. ஸ்புட்னிக் விண்ணுக்குப் போன மறு ஆண்டு அது. அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் ஒன்றையொன்று அணுகுண்டால் மிரட்டிக்கொண்டிருந்த காலம். அந்த அவையில் சோவியத் துணை சுகாதார அமைச்சர் விக்டர் ஷ்தானவ் எழுந்து, பெரியம்மையை உலகத்திலிருந்தே ஒழித்துவிடலாம் என்று ஒரு திட்டத்தை முன்வைத்தார். அம்மைத் தடுப்பு முறையைக் கண்டுபிடித்த எட்வர்டு ஜென்னருக்கு அமெரிக்க ஜனாதிபதி தாமஸ் ஜெஃபர்சன் எழுதிய கடிதத்தைத் தன் உரையில் எடுத்துக்காட்டினார். வாய்ச்சொல்லோடு நிற்கவும் இல்லை. தன் நாடு ஆண்டுக்கு 2.5 கோடி டோஸ் உலர் தடுப்பூசி மருந்து தரும் என்றும் அறிவித்தார்.

அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்புதான், 1949இல், சோவியத் ஒன்றியம் உலக சுகாதார நிறுவனத்தோடு மனத்தாங்கல் கொண்டு வெளியேறியிருந்தது. விலகல் என்ற ஒன்றே நிறுவனத்தின் சாசனத்தில் கிடையாது. அதனால் அந்த நாட்டைச் செயல்படாத உறுப்பினர் என்று குறித்துக்கொண்டு நாற்காலியைக் காலியாக விட்டுவைத்தார்கள். 1950களின் பிற்பகுதியில் அது திரும்பி வந்தபோது வந்த கையோடு கொண்டுவந்த பெரிய முன்மொழிவு இதுதான்.

கோவிட் பெருந்தொற்றுக்குப் பிறகு உலக நாடுகள் எப்படி ஒன்றோடொன்று நடந்துகொள்கின்றன என்று பார்க்கும்போதெல்லாம் என் நினைவு பெரியம்மைக் காலத்துக்குத்தான் போகிறது. அன்றைய தலைவர்கள் நம்மைவிட நல்லவர்கள் என்பதற்காகப் போகவில்லை. வியட்நாமில் குண்டு போட்டவர்களும் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் டாங்குகளை அனுப்பியவர்களும்தான் அவர்கள். அப்படிப்பட்டவர்களாலேயே முடிந்த ஒரு காரியம் இன்று ஏன் இத்தனை கடினமாகிவிட்டது என்பதே என் கேள்வி.

1959இல் தீர்மானம் நிறைவேறியது, பணம் வரவில்லை. ஏழெட்டு ஆண்டுகள் திட்டம் பெயரளவில் கிடந்தது. 1966இல் தீவிர ஒழிப்புத் திட்டத்துக்கு ஆண்டுக்கு 24 லட்சம் டாலர் ஒதுக்கலாமா என்ற வாக்கெடுப்பு இரண்டே வாக்கு வித்தியாசத்தில் தேறியது. நிறுவனத்தின் தலைமை இயக்குநர் மார்செலினோ காந்தாவுக்கு இதில் நம்பிக்கை இல்லை. தோற்றால் பழி அமெரிக்காவின் மேல் விழட்டும் என்றே ஓர் அமெரிக்கரைப் பொறுப்பில் அமர்த்தச் சொன்னார் என்று, அப்படி அமர்த்தப்பட்ட டி.ஏ. ஹென்டர்சன் பின்னாளில் எழுதியிருக்கிறார். 1967இல் வேலை தொடங்கியபோது ஆண்டுக்கு ஒரு கோடி முதல் ஒன்றரைக் கோடிப் பேருக்குப் பெரியம்மை வந்துகொண்டிருந்தது. அவர்களில் சுமார் 20 லட்சம் பேர் இறந்தார்கள்.

சோவியத் கொடுத்த மருந்தின் மொத்தக் கணக்கு 140 கோடி டோஸ்களைத் தாண்டும். அமெரிக்கா மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் 20 நாடுகளுக்குப் பணமும் வண்டிகளும் மருத்துவர்களும் அனுப்பியது. எந்த நாடு கொடுத்தாலும் மருந்தின் தரத்தைக் கனடாவிலும் நெதர்லாந்திலும் இருந்த ஆய்வகங்கள் சோதித்தன. தொடக்கத்தில் பல நாடுகளின் சரக்கு அந்தச் சோதனையில் தேறவில்லை. வல்லரசின் மருந்து என்பதற்காகச் சலுகை காட்டப்படவில்லை என்பதும், அதற்காக எந்த வல்லரசும் எழுந்து வெளியே போய்விடவில்லை என்பதும் எனக்குப் பெரிய விஷயங்களாகப் படுகின்றன.

ஊசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நுனியில் இரண்டு கவையாகப் பிரிந்த ஒரு சிறு ஊசியை வையத் நிறுவனத்தில் பெஞ்சமின் ரூபின் உருவாக்கினார். மருந்தில் தோய்த்தால் தேவையான துளி மட்டும் கவைக்கு நடுவில் நிற்கும். தோலில் பதினைந்து முறை கொத்தினால் போதும். முன்பு 25 பேருக்குப் போட்ட மருந்து இதனால் 100 பேருக்கு வந்தது. வையத் ஒரு தனியார் கம்பெனி. இருந்தும் இந்தத் திட்டத்துக்காகத் தன் உரிமத் தொகையை விட்டுக்கொடுத்தது.

இந்தக் கதையில் தமிழ்நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. இந்தியாவில் உலர் அம்மைத் தடுப்பு மருந்து தயாரித்த நான்கு இடங்களில் ஒன்று சென்னை கிண்டியில் உள்ள கிங் இன்ஸ்டிடியூட். மற்றவை பெல்காம், ஹைதராபாத், நைனிடால் பக்கத்து பட்வாடாங்கர். நம் வீட்டுப் பெரியவர்களின் மேற்கையில் வட்டமாக இருக்கும் அம்மை குத்திய தழும்புகளில் பல, கிண்டியில் தயாரான மருந்தால் வந்தவை. இந்த நான்குமே அரசின் இடங்கள். சோவியத் மருந்தும் அரசு ஆலைகளில் தயாரானதுதான். பெருமளவு மருந்தை அரசுகளே செய்தன, அரசுகளே கொடுத்தன. ஒழிப்புக்கு ஆன மொத்தச் செலவு சுமார் 30 கோடி டாலர். அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை நோய் இருந்த ஏழை நாடுகளே தம் கையிலிருந்து போட்டன. வெளியுதவியை மட்டுமே புகழ்ந்து பேசுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

அந்தக் காலத்தை வெள்ளையடித்துக் காட்ட எனக்கு விருப்பமில்லை. 1974இல் பீகாரில் பெரியம்மை கொடூரமாகப் பரவியது. அந்த ஆண்டில் இந்தியா முழுவதிலுமாக 1,80,000 பேருக்கு மேல் நோய் கண்டது. அதே ஆண்டு மே மாதத்தில்தான் பொக்ரானில் அணுகுண்டுச் சோதனை நடந்தது. குண்டைப் பற்றி எழுத வந்த வெளிநாட்டு நிருபர்கள் பீகாரின் அம்மைச் சாவுகளையும் சேர்த்து எழுதினார்கள். அந்த அவசரத்தில் களத்தில் இறங்கிய குழுக்கள் சில ஊர்களில் இரவில் கதவை உடைத்து, மறுத்தவர்களைப் பிடித்துவைத்து ஊசி குத்தின. அப்படிக் குத்தப்பட்டவர்களில் பழங்குடியினரும் இருந்தார்கள். மாரியம்மனும் சீதளா தேவியும் வந்து இறங்கும் நோய் என்று நம்பியவர்களிடம் பேசிப் புரியவைக்கும் பொறுமை எல்லாக் குழுக்களிடமும் இருக்கவில்லை. இன்னொரு கறை இதைவிடக் கருப்பானது. கோடிக்கணக்கில் மருந்தை இலவசமாகக் கொடுத்த அதே சோவியத் ஒன்றியம், 1972இல் உயிரியல் ஆயுதத் தடை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகும், பெரியம்மைக் கிருமியை ரகசியமாக ஆயுதமாக்கிக்கொண்டிருந்தது. இரண்டும் ஒரே அரசு செய்தவைதான்.

இத்தனைக்கும் நடுவில் வேலை நிற்கவில்லை. இயற்கையாகப் பெரியம்மை கண்ட கடைசி மனிதர் சோமாலியாவின் மெர்க்கா நகரில் ஒரு மருத்துவமனைச் சமையல்காரர். 1977 அக்டோபர் 26இல் அவருக்கு உடலில் தடிப்புகள் தெரிந்தன. அப்போது சோமாலியாவும் எத்தியோப்பியாவும் ஒகடேன் பகுதிக்காகப் போரிட்டுக்கொண்டிருந்தன. சோவியத் எத்தியோப்பியா பக்கம் சாய்ந்துவிட்டதால், அடுத்த மூன்று வாரத்துக்குள் சோமாலியா சோவியத் ஆலோசகர்களை நாட்டைவிட்டே வெளியேற்றியது. பெரியம்மைக் குழுவின் தேடுதல் மட்டும் தொடர்ந்தது. 1980 மே 8இல் பேரவை ஒழிப்பை அறிவித்தது.

அதற்குப் பிறகு நடந்தவை ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் சிறியவை. 1980களில் உறுப்பு நாடுகள் உலக சுகாதார நிறுவனத்துக்குக் கட்டும் சந்தாவை உயர்த்த மறுத்தன. நிறுவனம் கொடையாளர்களை நம்ப வேண்டியதாயிற்று. கொடுக்கிறவர் எதற்குச் செலவிட வேண்டும் என்றும் எழுதிக்கொடுத்தார். கோவிட் வந்தபோது அதன் வரவில் சந்தாவின் பங்கு ஐந்தில் ஒன்றுக்கும் கீழே இறங்கியிருந்தது. 1995இல் உலக வர்த்தக அமைப்பு பிறந்தது. அதோடு மருந்துக் காப்புரிமை உலக வணிக விதியாயிற்று. அரசு ஆலைகள் பின்னுக்குத் தள்ளப்பட்டன. இந்தியாவில் 2008 ஜனவரியில் கிண்டி பி.சி.ஜி. ஆய்வகம், குன்னூர் பாஸ்டர் நிறுவனம், கசௌலி மத்திய ஆராய்ச்சி நிறுவனம் ஆகிய மூன்றின் தடுப்பூசி உற்பத்தி உரிமமும் தரக் குறைவைக் காட்டி நிறுத்திவைக்கப்பட்டது. 2010இல் திரும்பக் கிடைத்தாலும் அதற்குள் சந்தை தனியாரிடம் போய்விட்டிருந்தது. பழைய ஆலைகளைச் சீர்செய்ய வேண்டியது நியாயம்தான். சீர்செய்யும்வரை உற்பத்தியையே நிறுத்தியது பெரும் பிழை என்று அன்றே பலர் சொன்னார்கள். அவர்கள் சொன்னது சரி. மாற்றாகச் செங்கல்பட்டில் பல நூறு கோடி ரூபாயில் எழுந்த தடுப்பூசி வளாகத்திலிருந்து, 2021இல் மக்கள் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தபோது ஒரு டோஸ்கூட வரவில்லை. அந்த மே மாதம் தமிழக அரசு அதைக் குத்தகைக்குக் கேட்டு மத்திய அரசுக்கு எழுத வேண்டிய நிலை.

இன்னொரு நிகழ்ச்சி, இன்றைய உலக அரசியலைப் புரிந்துகொள்ள மிக முக்கியமானது. 2007 தொடக்கத்தில் இந்தோனேசியா ஒரு முடிவெடுத்தது. பறவைக் காய்ச்சல் அங்கே மனிதர்களைக் கொன்றுகொண்டிருந்தது. நோயாளிகளிடமிருந்து எடுத்த கிருமி மாதிரிகளை அந்த நாடு உலக சுகாதார நிறுவனத்தின் கூட்டு ஆய்வகங்களுக்கு அனுப்பிவந்தது. அந்த மாதிரியைக் கொண்டு ஆஸ்திரேலியக் கம்பெனி ஒன்று தடுப்பூசி தயாரிப்பது தெரியவந்தது. நாளைக்கு நோய் பரவினால் அந்த ஊசியை விலை கொடுத்து வாங்கும் வரிசையில் இந்தோனேசியா கடைசியில் நிற்க வேண்டியிருக்கும். சுகாதார அமைச்சர் சித்தி ஃபாதிலா சுபாரி மாதிரி அனுப்புவதை நிறுத்தினார். பணக்கார நாடுகள் அவரைப் பொறுப்பற்றவர் என்று சாடின. மாதிரியை நிறுத்துவது உலகத்துக்கே ஆபத்து என்பது உண்மை. அவர் கேட்ட கேள்வியும் உண்மையானது: கிருமியைக் கொடுப்பது எல்லோருக்கும் கடமை என்றால், மருந்தைக் கொடுப்பது யாருக்குக் கடமை? நான்கு ஆண்டுப் பேச்சுக்குப் பிறகு 2011இல் இன்ஃப்ளூயன்சாவுக்கு மட்டும் ஓர் ஏற்பாடு வந்தது. வேறு எந்தக் கிருமி வந்தாலும் பழைய நிலைதான்.

வந்தது வேறு கிருமி. 2020 ஜனவரி 11 அன்று சீன விஞ்ஞானிகள் புதிய கொரோனா கிருமியின் மரபணு வரிசையை இணையத்தில் உலகத்துக்கே திறந்துவைத்தார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 8ஆம் தேதி இங்கிலாந்தில் மக்களுக்கு ஊசி போடத் தொடங்கியாயிற்று. பதினோரு மாதம்! ஷ்தானவ் கனவிலும் நினைத்திருக்க முடியாத வேகம் இது. அறிவியல் இவ்வளவு தூரம் ஓடி வந்திருந்தது. அரசியல் எங்கே நின்றது என்பது 2021 ஜனவரி 18இல் தெரிந்தது. அன்று உலக சுகாதார நிறுவனத் தலைவர் டெட்ரோஸ் ஒரு கணக்கைச் சொன்னார். வருமானம் கூடிய 49 நாடுகளில் அதற்குள் 3.9 கோடி டோஸ் போட்டாயிற்று. மிக ஏழ்மையான ஒரு நாட்டில் போடப்பட்டது 25. லட்சமோ ஆயிரமோ இல்லை, வெறும் இருபத்தைந்து ஊசி.

பெரியம்மைக் காலத்தில் மருந்தைக் கொடுக்கத்தான் போட்டி இருந்தது. தன் மருந்தைப் பிறர் போட்டுக்கொள்வது ஒரு வல்லரசுக்குப் பெருமை. கோவிட் காலத்தில் போட்டி கைப்பற்றுவதில் இருந்தது. பணமுள்ள நாடுகள், ஊசி தயாராவதற்கு முன்பே கம்பெனிகளோடு ரகசிய ஒப்பந்தம் போட்டு, தங்கள் மக்கள்தொகைக்குத் தேவையானதைப்போல் பல மடங்கை முன்பதிவு செய்தன. எல்லோருக்கும் சேர்த்து வாங்கிப் பங்கிட உருவான கோவாக்ஸ் அமைப்பு, கையில் பணம் சேரும்போது வரிசையின் பின்னால் நின்றது.

கோவாக்ஸின் முதல் சரக்கு 2021 பிப்ரவரி 24இல் கானாவின் அக்ரா நகரில் இறங்கியது. புனே சீரம் இன்ஸ்டிடியூட் தயாரித்த 6 லட்சம் டோஸ் அது. இந்தியா நேரடியாகவும் அண்டை நாடுகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. இலங்கைக்கு ஜனவரி 28இல் 5 லட்சம் டோஸ் போனது. பிறகு இரண்டாம் அலை வந்தது. இந்தியா ஏற்றுமதியை நிறுத்திக்கொண்டது. சுடுகாடுகளில் இடமில்லாமல் வரிசை நின்ற வாரங்களில் எந்த அரசும் அதைத்தான் செய்திருக்கும். அதற்காக இந்தியாவைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உலகத்து ஏழைகளின் பங்கை ஏறத்தாழ ஒரே ஊரின் ஒரே ஆலையில் கட்டிவைத்த ஏற்பாட்டைத்தான் குற்றம் சொல்ல வேண்டும். இலங்கையில் முதல் டோஸ் போட்டுக்கொண்ட லட்சக்கணக்கானவர்கள் இரண்டாவது டோஸுக்காக மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். ஜூலை இறுதியில் ஜப்பான் அனுப்பிய ஊசிதான் அவர்களுக்குக் கைகொடுத்தது. 2021 முடிவதற்குள் 200 கோடி டோஸ் என்று சொன்ன கோவாக்ஸ், 100 கோடியைத் தொட்டதே 2022 ஜனவரியில். கடைசியில் 146 நாடுகளுக்கு ஏறக்குறைய 200 கோடி டோஸ் கொடுத்துவிட்டுத்தான் 2023 இறுதியில் அது முடிந்தது. அதைச் சிறிய காரியம் என்று சொல்ல மாட்டேன். தாமதமான அந்த மாதங்களில் போன உயிர்கள் போனவைதான்.

இதில் என்னை மிகவும் வருத்திய செய்தி தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தது. அங்கே கெபெர்ஹா நகரில் ஆஸ்பென் என்ற கம்பெனியின் ஆலை ஜான்சன் அண்ட் ஜான்சன் ஊசியைக் குப்பிகளில் நிரப்பிக்கொண்டிருந்தது. 2021இல், ஆப்பிரிக்காவில் பெரும்பாலானோருக்கு முதல் ஊசியே கிடைக்காதபோது, அங்கே நிரம்பிய குப்பிகள் ஐரோப்பாவுக்குப் போய்க்கொண்டிருந்தன. ஒப்பந்தம் அப்படி. எதிர்ப்பு கிளம்பிய பிறகே அது நின்றது. அதே ஆண்டு நவம்பரில் தென்னாப்பிரிக்காவும் போட்ஸ்வானாவும் ஒமிக்ரான் உருமாற்றத்தைக் கண்டுபிடித்து, மறைக்காமல் உலகத்துக்குத் தெரிவித்தன. இரண்டு நாளில் அந்த நாடுகள் மீது விமானத் தடை விழுந்தது. சுபாரியின் கேள்வி திரும்ப உயிர்பெற்றது.

இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் 2020 அக்டோபரிலேயே உலக வர்த்தக அமைப்பில், பெருந்தொற்று முடியும்வரை காப்புரிமை விதிகளைத் தளர்த்துங்கள் என்று கேட்டிருந்தன. 2022 ஜூனில் முடிவு வந்தபோது தடுப்பூசிக்கு மட்டும், குறுகிய அளவில், சலுகை கிடைத்தது. யாருக்கும் அதனால் ஊசி கூடவில்லை.

இவ்வளவும் பார்த்த பிறகுதான் நாடுகள் ஒப்பந்தம் பேச உட்கார்ந்தன. 2021 டிசம்பரில் தொடங்கிய பேச்சு மூன்று ஆண்டுகளுக்கு மேல் இழுத்தது. 2025 மே மாதம் ஜெனீவாவில் பெருந்தொற்று ஒப்பந்தம் ஏற்கப்பட்டது. குழு வாக்கெடுப்பில் 124 நாடுகள் ஆதரித்தன, எதிர்ப்பு ஒன்றுமில்லை, 11 நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின. ஒதுங்கியவற்றில் ரஷ்யாவும் உண்டு. அமெரிக்கா அந்த மேசையிலேயே இல்லை. 2025 ஜனவரி 20 அன்று, பதவியேற்ற நாளிலேயே, டிரம்ப் விலகல் ஆணையில் கையெழுத்திட்டிருந்தார். 1948இல் சேரும்போதே ஓராண்டு முன்னறிவிப்போடு விலகும் உரிமையைத் தனக்கென எழுதிவாங்கிக்கொண்ட நாடு அமெரிக்கா. அந்த ஓராண்டுக் கெடு 2026 ஜனவரி 22இல் முடிந்தது. அன்று எதிரெதிரே நின்றபடி பெரியம்மையை ஒழித்த இரண்டு வல்லரசுகளும் இந்த ஒப்பந்தத்துக்கு வெளியே நிற்கின்றன.

ஒப்பந்தத்தின் உயிர் ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. கிருமி மாதிரியும் மரபணு விவரமும் பெற்றுப் பயன் அடையும் கம்பெனிகள், பெருந்தொற்றின்போது தங்கள் உற்பத்தியில் 20 சதவீதத்தை உலக சுகாதார நிறுவனத்துக்கு உடனுக்குடன் ஒதுக்க வேண்டும். உற்பத்தியில் குறைந்தது 10 சதவீதம் இலவசம், அந்த இருபதில் மீதி கட்டுப்படியாகும் விலையில். இந்தோனேசியா கேட்டதற்குப் பதினெட்டு ஆண்டு கழித்து வந்த பதில் இது. நல்ல பதில்தான், முழுமையானது என்று சொல்ல முடியாது. இது எப்படி நடக்கும் என்ற விவரங்களைத் தனி இணைப்பாகப் பேசி முடித்த பிறகே நாடுகள் கையெழுத்திட முடியும். 60 நாடுகள் உறுதிசெய்த பிறகே நடைமுறைக்கு வரும். மீறினால் தண்டனை எதுவும் கிடையாது. தொழில்நுட்பத்தைக் கைமாற்றுவது இரு தரப்பும் ஒப்புக்கொண்டால்தான் என்று எழுதியிருக்கிறார்கள். அதாவது கம்பெனி மறுத்தால் ஒன்றும் செய்வதற்கில்லை. உலக சுகாதார நிறுவனம் ஊரடங்கு போட நம் அரசைக் கட்டாயப்படுத்திவிடும் என்று பல நாடுகளில் கிளப்பப்பட்ட வதந்திக்கு ஒப்பந்தத்தில் இடமே இல்லை. அப்படி அதிகாரம் கிடையாது என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது.

என் கண்ணுக்கு இந்த ஒப்பந்தத்தைவிட நம்பிக்கை தருவது கேப் டவுன் நகரில் நடந்தது. மாடர்னாவின் எம்ஆர்என்ஏ ஊசியின் வெளியான விவரங்களை வைத்து, கம்பெனியின் உதவி இல்லாமலே, ஆஃப்ரிஜென் ஆய்வகம் 2022 தொடக்கத்தில் அதே வகை ஊசியைச் சிறிய அளவில் தயாரித்துக் காட்டியது. உலக சுகாதார நிறுவனம் நின்று நடத்திய முயற்சி அது. அங்கே கற்ற முறை வருமானம் குறைந்த, நடுத்தர வருமான நாடுகள் பலவற்றின் ஆலைகளுக்குச் சொல்லித்தரப்படுகிறது. தனக்குத் தேவையான தடுப்பூசிகளில் 60 சதவீதத்தை 2040க்குள் தன் மண்ணிலேயே தயாரிப்பது என்று ஆப்பிரிக்க ஒன்றியம் இலக்கு வைத்திருக்கிறது. கிண்டியும் பெல்காமும் ஒரு காலத்தில் இந்தியாவுக்குச் செய்ததை ஆப்பிரிக்கா தனக்குச் செய்துகொள்ளப் பார்க்கிறது.

ஆலை எழுந்தால் மட்டும் போதாது என்பதற்கும் ஆஸ்பெனே சாட்சி. சொந்தப் பெயரில் கோவிட் ஊசி தயாரித்து விற்க அதற்கு 2022இல் உரிமம் கிடைத்தது. அதற்குள் பணக்கார நாடுகள் தங்களிடம் மிஞ்சியதை நன்கொடையாக அனுப்பத் தொடங்கிவிட்டன. ஆஸ்பெனுக்கு ஓர் ஆர்டர்கூட வரவில்லை. ஏழை நாடுகளுக்கு ஊசி வாங்கிக்கொடுக்கும் காவி அமைப்பு, ஆப்பிரிக்க ஆலைகளுக்கென்று 2024 ஜூனில் பத்தாண்டுத் திட்டம் ஒன்றைத் தொடங்கியிருக்கிறது. ஒதுக்கீடு 100 கோடி டாலருக்கு மேல். அந்தப் பணம் காலராவுக்கும் மலேரியாவுக்கும் தட்டம்மைக்குமான ஊசிகளை, வெளிச்சந்தையைவிடச் சற்று விலை கூடினாலும், ஆப்பிரிக்க ஆலைகளிலிருந்தே வாங்கப் பயன்பட வேண்டும். ஆப்பிரிக்க அரசுகளும் அப்படியே வாங்க வேண்டும், நோய் ஓய்ந்து கிடக்கும் ஆண்டுகளிலும்.